அந்தப் பேனா மூடி என்னுடையது

கிணறு பதினாறு வெட்டினேன். பதினான்கில் தண்ணீர் வந்தது. வராத இரண்டும், இங்கே வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் வெட்டச் சொன்ன இடங்கள். ஏழாவது கிணற்றில் பாறைக்கு வைத்த வேட்டு முந்திக்கொண்டது. என் வலது கை ஆள்காட்டி விரலின் முன்பாதி அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்பது கிணறு வெட்டினேன். பிறகு தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று கட்டினேன். முதலில் ஓலைக் கொட்டகை, அப்புறம் ஓடு, இப்போது தளம். ஊருக்கு மேற்கே கரிசலில் பதினோரு ஏக்கர் சேர்த்தேன். அதைச் சுற்றியுள்ள எல்லைக் கற்கள் ஒவ்வொன்றையும் நானே தோளில் தூக்கி வந்து ஊன்றினேன். பஸ் நிற்கும் இடத்தில் நிழற்கூரை போட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். மழை பொய்த்த வருஷங்களிலும் ஆபீஸை ஒரு நாள் மூடவில்லை. ஐந்தாம் வகுப்பை முழுசாக முடிக்காதவன் செய்த வேலைகள் இவை. படித்தவர்கள் இதில் பாதி செய்திருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

இவற்றில் எதிலும் என் பெயர் இல்லை.

கிணறு என்றால் நிலத்துக்காரர் பெயரில்தான் இருக்கும், அது சரி. பள்ளிக்கூடச் சுவரில் பதித்த கல்லில் திறந்து வைக்க வந்தவர்கள் பெயர் மட்டும் இருக்கிறது. நிழற்கூரையில் ஒரு ஜவுளிக்கடை தன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டது. தீப்பெட்டியோ கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்போம். மேஜை நாற்காலி இல்லாவிட்டாலும் ஆபீஸ்தான். குச்சி என்னுடையது, மருந்து முக்குவது என் ஆட்கள், பெட்டி என்னுடையது. மேலே ஒட்டுகிற லேபிள் மட்டும் வியாபாரியுடையது. அதில் ஒரு பறவையோ மிருகமோ இருக்கும், கீழே அவர் பெயர் இருக்கும். வடக்கே எங்கோ ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து அடுப்பு பற்றவைப்பார். அது யார் கைக்குச்சி என்று அவருக்குத் தெரியாது. அதற்குச் சம்மதித்துத்தான் தொழிலில் இறங்கினேன், குறை சொல்ல மாட்டேன்.

சம்மதிக்காத ஒன்றும் நடந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய சித்திரை. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், காலையிலேயே பைக்கில் வந்து நின்றான்.

"அத்தான், மெட்ராஸ்லேருந்து சினிமாக்காரவிய வந்திருக்காவ. ஒங்க மேகாட்டப் பாக்கணுங்காவ."

மச்சினன் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அவன் தொழில் நிலத் தரகு. எங்கள் மேல்காட்டுக்கு, அதாவது அந்தப் பதினோரு ஏக்கருக்கு, தெற்கே இருந்த புஞ்சைகளை வெயில் கரண்டு எடுக்கிற கம்பெனிக்குப் பேசி முடித்தவன் அவன்தான். இன்று அங்கே போய்ப் பார்த்தால் பருத்தி நின்ற இடத்தில் கண்ணாடித் தகடுகள் வரிசையாகத் தெற்கே பார்த்துச் சாய்ந்து கிடக்கின்றன. அந்தத் தகடுகள் என் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கின்றன. இந்தப் பக்கம் வரத்தான் துடிக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

"எந்தக் கம்பெனி சினிமா மாப்ளே?" என்றேன்.

"கம்பெனி இல்ல அத்தான். நெசமாவே சினிமா. கேமரால்லாம் இருக்கு."

"நெலம் அளக்கவும் கேமராதான் கொண்டு வாரான்."

டைரக்டர் என்று ஒரு தாடிக்காரப் பையன் வந்தான். நல்ல மரியாதை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். அவன் கூட உதவி டைரக்டர் என்று ஒரு பெண் வந்தாள். கையில் எந்நேரமும் ஒரு நோட்டு. நான் வாயைத் திறந்தால் அவள் பேனாவைத் திறந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"பட்டாளத்துக்காரர் ஒருத்தர் பாலைவனத்துல தனியா மாட்டிக்கிறார், ஐயா. அங்கிருந்து எப்படி உயிரோட வெளிய வர்றார். அதான் கதை" என்றான் டைரக்டர்.

"கூட ஆரு?"

"யாரும் இல்லைங்க."

"பொம்பளை வேசம்?"

"இல்லைங்க ஐயா."

"பாட்டு?"

"பாட்டு இல்லை. பேச்சே ரொம்பக் கம்மி."

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் வேப்பமரத்தைப் பார்த்தான். ஒரே ஆள், பேச்சு இல்லை, பாட்டு இல்லை, இரண்டு மணி நேரம் நடக்கிறான், அதை ஜனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். பச்சைப் பிள்ளைகூட நம்பாது. தகட்டுக் கம்பெனிக்காரன் வேஷம் மாற்றி வந்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. அத்தனை ஒப்பந்தக்காரர்களோடு பழகியவன் நான்.

"பாலைவனம்னா மணல்லா வேணும்? தேரிக்காட்டுக்குப் போங்க. திருச்செந்தூர்ப் பக்கம் எவ்வளவு வேணும்னாலும் கெடக்கு."

"சிவப்பு மணலை எல்லாரும் காட்டிட்டாங்க ஐயா. இந்த மாதிரி வெடிச்சுக் கெடக்கற கறுப்பு நிலத்த யாரும் காட்டல. கலர மட்டும் மாத்திட்டா அப்படியே பாலைவனம். ஏற்கெனவே பாலைவனம்தானே."

கடைசி வாக்கியத்தை அந்தப் பையன் சொல்லியிருக்கக் கூடாது.

சித்திரையில் கரிசலைப் பார்ப்பவர்கள் அது செத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். ஒரு பச்சை இருக்காது. ஆனால் அது செத்த நிலம் அல்ல, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற நிலம். புரட்டாசியில் ஒரு மழை விழட்டும். உளுந்தும் சோளமும் பருத்தியும் போட்டி போட்டு எழும். இதைப் பாலைவனம் என்று ஒருவன் கேமராவில் காட்டுவான். அந்தப் படத்தை இன்னொருவன் அதிகாரியிடம் கொண்டுபோய், தரிசு என்று எழுது என்பான். ஒரு தடவை தரிசு என்று எழுதிவிட்டால் தகடு வர எத்தனை நாள் ஆகும்?

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். ஒப்பந்தத்தில் முதல் வரி இப்படி இருக்க வேண்டும்: 'இந்த நிலம் பருத்தியும் உளுந்தும் விளையும் புஞ்சை நிலம்; பாலைவனம் அன்று.' உதவி டைரக்டர் பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அங்கிள், படத்துலதான் பாலைவனம். நிஜத்துல இல்ல."

"நெசத்துல இல்லல்லா? அப்ப எழுதுறதுல என்ன கஸ்டம்?"

எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை நான் அழகாக எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்ற முதல் எழுத்து அதுதான்.

படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் ஆபீஸை என் மனைவியிடம் விட்டுவிட்டு, குடையும் நாற்காலியுமாகக் காட்டின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். காலையில் எல்லைக் கற்களை எண்ணுவேன். அவர்கள் போன பிறகு மறுபடி எண்ணுவேன். இரண்டாம் நாள், தும்பி மாதிரி ஒரு கருவியைப் பறக்கவிட்டார்கள். அது என் காட்டின் நான்கு மூலைக்கும் போய் நின்று நின்று வந்தது. அளக்கிறார்கள் என்பதில் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவிய படம் எடுக்காவளோ என்னமோ. நீங்க நல்லா நடிக்கீங்க. நேத்து பின்னால கைய கட்டிக்கிட்டு நடந்தீங்கள்லா, தாசில்தாரு தோத்தாரு."

"ஒந் தம்பி கொண்டாந்த ஆளுவ. அதான் பாக்குதேன்."

"எந் தம்பி கொண்டாந்த பொண்டாட்டியோட நாப்பது வருசம் இருந்துட்டீங்க. ஏமாந்தா போனீங்க?"

அவள் தம்பி அப்போது கைக்குழந்தை, நான் பெண் பார்க்கப் போனபோது அவள் இடுப்பில் இருந்தான். ஆனாலும் அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் ஊரில் இல்லை.

பட்டாளத்துக்காரனாக நடிக்க வந்தவன் ஒல்லியான ஆள். உதட்டில் எதையோ தடவி வெடிப்பு வரைந்திருந்தார்கள். கேமரா ஓடும்போது தாகத்தில் தவழ்வான், நின்றதும் இளநீர் குடிப்பான். யாரோடும் பேச மாட்டான். ஆனால் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் குடையை மடிப்பதை, எழுந்து நிற்பதை, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதை எல்லாம். அவனையும் என் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஆறாம் நாள்தான் விஷயம் நடந்தது. அன்று ஒரு பெரிய பாறையை லாரியில் கொண்டுவந்து என் காட்டின் நடுவில் இறக்கினார்கள். கரிசலில் பாறை மேலே கிடக்காதே, அதனால் வெளியிலிருந்து. டைரக்டர் நடிகனுக்கு விளக்கியது எனக்குக் கேட்டது. மூன்று நாளாக வியர்வையில் ஊறி, பட்டாளத்துக்காரன் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டி நைந்துவிட்டது. குச்சி மட்டும் மிச்சம். தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம். கடைசிக் குச்சியைப் பாறையில் உரசுகிறான், பற்றுகிறது, துணியைக் கொளுத்துகிறான், புகையைப் பார்த்து வந்து காப்பாற்றுகிறார்கள். அதுதான் கதையின் உச்சம்.

நான் நாற்காலியிலிருந்தே சொன்னேன்: "பத்தாது."

டைரக்டர் திரும்பினான். "என்னங்க ஐயா?"

"அந்தக் குச்சி பாறைல பத்தாது. அது எங்க பக்கத்துக் குச்சி. பெட்டியோட பக்கத்துல தடவியிருக்குல்லா ஒரு மருந்து, அதுல உரசினாத்தான் பத்தும். பாறைல உரசினா தலை உதுந்துபோவும்."

"சினிமால எல்லாம் செருப்புல உரசுவாங்களே அங்கிள்" என்றாள் நோட்டுக்காரப் பெண்.

"சினிமால ஒரு ஆளு அம்பது பேர அடிக்கான். அடிச்சுப் பாரேன்."

டைரக்டர் ஒரு குச்சியை எடுத்துப் பாறையில் உரசினான். உதிர்ந்தது. இன்னொன்று. உதிர்ந்தது. பெட்டி காலியாகும்வரை உரசிப் பார்த்தான். பிறகு அந்தப் பாறைமேலேயே தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"நெருப்ப கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம் சார்" என்றாள் அவள்.

"வேண்டாம்மா. அப்புறம் ஐயா மாதிரி ஒருத்தர் தியேட்டர்ல எழுந்து பத்தாதுன்னு சொல்வார். படமே போச்சு."

அந்த முகத்தைப் பார்த்தபோது முதல்முறையாக, இவன் ஒருவேளை நிஜமாகவே சினிமாக்காரனாக இருப்பானோ என்று தோன்றியது. தகட்டுக்காரன் குச்சி பற்றாததற்கு இப்படி இடிந்துபோக மாட்டான். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அதோடு, வேலை தெரியாதவன் முன்னால் வேலை தெரிந்தவனால் சும்மா இருக்க முடிவதில்லை.

என் சட்டைப் பையிலிருந்து பேனா மூடியை எடுத்தேன்.

அந்த மூடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிணறு வெட்டுகிற காலத்தில் பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து, திரியில் நெருப்பு வைப்பது என் வேலை. கிணற்றுக்குள் நாலா பக்கமும் ஊற்று கசியும். உடம்பெல்லாம் வியர்வை. தீப்பெட்டி நமத்துப்போகும். நமத்த குச்சியைத் தலைமயிரில் தேய்த்துக் காயவைத்துவிடலாம். பெட்டியின் பக்கத்து மருந்து நமத்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும், அதற்கு வைத்தியம் இல்லை. ஒரு நாள் ரோட்டில் ஒரு மைப்பேனாவின் மூடி கிடந்தது. புதுப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, ஐந்து குச்சியைச் சேர்த்துச் சுருட்டி அதற்குள் செருகினேன். மூடியின் வாயில் துணி துவைக்கிற சோப்பை அழுத்தி அடைத்தேன். தலைத்துண்டில் முடிந்துகொண்டு கிணற்றுக்குள் இறங்கினேன். பற்றியது. அதன்பிறகு ஒரு நாள்கூட என் குச்சி பற்றாமல் போனதில்லை. கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள்: "ஏலே, வாத்தியாரு வாராருலே, பேனாவோட." பேனா கிடையாது, மூடி மட்டும்தான். அன்றிலிருந்து அது என்னோடு இருக்கிறது. சட்டையை மாற்றினால் மூடியையும் மாற்றி வைத்துக்கொள்வேன். உள்ளே குச்சியும் பக்கமும் எப்போதும் புதிதாக இருக்கும்.

"ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க" என்றேன்.

சோறு கொண்டுவந்திருந்த என் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். பட்டாளத்துக்காரன் உட்பட. நான் மூடியைத் தண்ணீருக்குள் போட்டேன். இரண்டு நிமிஷம் விட்டேன். எடுத்தேன். சோப்பைப் பல்லால் கடித்துத் துப்பினேன். சோப்புக் காரம் நாக்கில் நிற்கும், அதனால் மறுபடி ஒரு தடவை துப்ப வேண்டும். துப்பினேன். பக்கத்தை இடது உள்ளங்கையில் விரித்துப் பிடித்தேன். குச்சியை எடுத்து, தலைக்குப் பின்னால் நடுவிரலைக் கொடுத்து உரசினேன். எல்லாரும் ஆள்காட்டி விரலைத்தான் கொடுப்பார்கள். எனக்கு அது பாதிதான், அதனால் அதை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நடுவிரலால்தான் உரசுவேன்.

பற்றியது.

டைரக்டர் மெதுவாகக் கேட்டான்: "பட்டாளத்துக்காரர்கிட்ட பேனா மூடி இருக்காதே ஐயா?"

"பேனா மூடி இருக்காது. சுட்ட தோட்டாவோட கூடு இருக்கும்லா? பித்தளைக் கூடு. அதுக்குள்ள நாலு குச்சி நிக்கும். சவரம் பண்ணுற சோப்பு வச்சிருப்பான், அத வச்சு அடைக்கட்டும். மொத நாளே செய்யணும். பெட்டி நல்லாருக்கும்போதே கிழிச்சிரணும். நல்லாருக்கும்போது கிழிக்கத்தான் ஒருத்தனுக்கும் மனசு வராது."

நோட்டுக்காரப் பெண்ணின் பேனா ஓடிக்கொண்டிருக்கும் என்று திரும்பினேன். பேனா இல்லை. போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஆரம்பத்திலிருந்தே எடுத்திருக்கிறாள். எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வடமேற்கு மூலை எல்லைக் கல். அதற்குப் பின்னால் போர்வெல். அதற்கும் பின்னால் வெடித்துக் கிடக்கிற காடு முழுக்க. என் முகத்தோடு சேர்த்து, நிலத்துக்காரன் சம்மதித்து நிற்கிறான் என்பதுபோல, அத்தனையும் அந்தப் போனுக்குள்.

இரக்கம் போய்விட்டது.

"எதுக்கும்மா எடுத்த?"

"சும்மா, நினைவுக்குத்தான் அங்கிள். நீங்க செஞ்சு காட்டினது ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அழி."

"அங்கிள், இது உங்களுக்கும் நல்லதுதான். நீங்கதான் சொன்னீங்கன்னு..."

"அழிம்மா. எங் கண்ணு முன்னால அழி."

அழித்தாள். நான் விடவில்லை. "அழிச்சது போயி ஒரு குப்பைத் தொட்டில கெடக்குமாம்லா. அதுலயும் அழி" என்றேன். என் மகன் சொல்லித் தந்திருந்தான். அங்கேயும் அழித்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. நான் பெரிய காரியம் செய்துவிட்டவன்போல நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, அந்தப் புள்ள என்ன செஞ்சா?" என்றாள் மனைவி.

"ஒனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். ஒங்களுக்கும் தெரியல, ஆனா ஒத்துக்கிட மாட்டீங்க."

மறுநாள் மதியம் கோடை மழை அடித்தது. அரைமணி நேரம்தான். கரிசல் சும்மா இருக்குமா? பாலைவனம் களியாகிவிட்டது. கேரவன் அச்சு வரைக்கும் இறங்கிக்கொண்டது. செருப்புப் போட்டவர்கள் எல்லாம் ஒரு காலுக்கு இரண்டு படி மண்ணோடு யானை மாதிரி நடந்தார்கள். நான்தான் டிராக்டரைக் கொண்டுபோய் ஒவ்வொரு வண்டியாக இழுத்துவிட்டேன். இனி இங்கே எடுக்க முடியாது, மிச்சத்தை வேறு எங்காவது எடுத்துக்கொள்கிறோம் என்றான் டைரக்டர். போகும்போது மறுபடியும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான்.

"ஐயா, உங்கள மறக்க மாட்டேன்."

இப்படிப் பேசுகிறவனை நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் போனதும் கற்களை எண்ணினேன். எல்லாம் இருந்தன. ஒரு சாண்கூட நகரவில்லை. மாதங்கள் போயின. தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வரவில்லை. தகட்டுக்காரன் ஒருவனும் வரவில்லை. புரட்டாசியில் உளுந்து போட்டேன். காப்பாற்றிவிட்டேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படம் இந்த வருஷம் வந்தது. கோவில்பட்டியில் மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். நானும் மனைவியும் மச்சினனும். என் காட்டை மஞ்சளாக மாற்றியிருந்தார்கள். எனக்கே அடையாளம் தெரியவில்லை, ஒரு வெடிப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. பேச்சு இல்லாமல் ஒருவனை இரண்டு மணி நேரம் பார்க்க முடியும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

முதல் நாளே அந்தப் பட்டாளத்துக்காரன் தோட்டாக் கூட்டை எடுத்தான். தீப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்தான். குச்சியோடு சுருட்டினான். சோப்பு வைத்து அடைத்தான். கடைசியில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் சோப்பைக் கடித்துத் துப்பினான். மறுபடி ஒரு தடவை துப்பினான். இடது உள்ளங்கையில் பக்கத்தை விரித்தான். குச்சியின் தலைக்குப் பின்னால் நடுவிரலைக் கொடுத்தான். ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக்கொண்டான்.

அவனுக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கிறது. ஆள்காட்டி விரலை எதற்காகத் தூக்கினான்?

பற்றியது. தியேட்டரே கைதட்டியது. என் மனைவி இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தாள். பாதி விரலைத்தான் பிடித்தாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. எல்லாரும் எழுந்து போனார்கள். நாங்கள் உட்கார்ந்தோம். சாப்பாடு போட்டவர் பெயர் வந்தது. தும்பி பறக்கவிட்டவர் பெயர் வந்தது. இளநீர் வெட்டியவர் பெயர்கூட வந்தது. மச்சினன் பெயர் வந்தது, 'இட ஏற்பாடு' என்று போட்டு. அவன் தொடையைத் தட்டிக்கொண்டான், பிறகு என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். கடைசியில் 'கோவில்பட்டி மக்களுக்கு நன்றி' என்று வந்தது. விளக்கு போட்டார்கள்.

"நீங்களும் கோவில்பட்டி மக்கள்தான" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மகன் போனில் ஒரு பேட்டியைக் காட்டினான். தோட்டாக் கூட்டு யோசனை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். நிறைய ஆராய்ச்சி செய்தோம், பல பேரிடம் பேசினோம் என்கிறான் டைரக்டர். பல பேர் யார்? ஆராய்ச்சி எங்கே நடந்தது? என் காட்டில், ஒரு வாளித் தண்ணீரில்.

உதவி டைரக்டர் பெண்ணைக் கூப்பிட்டேன். நம்பரை மச்சினன் வாங்கித் தந்தான். என் குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அங்கிள், நான் அப்பவே சார்கிட்ட சொன்னேன். கடைசி நேரத்துல பேர் பட்டியல் வேற ஆள் போட்டாங்க. யார் யார் என்ன செஞ்சாங்கன்னு ஆதாரம் கேட்டாங்க."

"ஆதாரமா?"

"வீடியோ மாதிரி ஏதாவது."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இருந்துச்சு அங்கிள்" என்றாள். "நீங்கதான்..."

"தெரியும்மா" என்றேன்.

அதை மறைக்க மாட்டேன். அழிக்கச் சொன்னவன் நான். குப்பைத் தொட்டியிலும் அழிக்க வைத்தவன் நான். ஏழு நாள் குடைபிடித்துக்கொண்டு மண்ணைக் காவல் காத்தேன். மண்ணை யாரும் தொடவில்லை. அவர்கள் எடுத்துப்போனது என் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு நான் காவல் வைக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் எனக்கு லேபிள் ஒட்டத்தான் போனைத் தூக்கியிருக்கிறாள். அதை நான் கிழித்துப்போட்டேன்.

ஆனால் ஆதாரம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆதாரம் அந்தப் படத்துக்குள்ளேயே ஓடுகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு, சோப்பைக் கடித்தால் இரண்டு தடவை துப்ப வேண்டும் என்று தெரியாது. அதைக்கூட விடுங்கள். முழு விரல் இருக்கிற ஒரு பட்டாளத்துக்காரன் எதற்காக ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு நடுவிரலால் உரசுகிறான்? டைரக்டரைக் கேளுங்கள். நடிகனைக் கேளுங்கள். யாரிடமும் பேசாமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த நடிகனைத்தான் முதலில் கேளுங்கள். அவனால் பதில் சொல்ல முடியாது. நான் சொல்லுவேன். மிச்ச விரல் ஏழாவது கிணற்றுக்குள் கிடக்கிறது, கோவில்பட்டிக்கு வந்தால் கிணற்றைக் காட்டுகிறேன். அன்று வாளிக்குப் பக்கத்தில் என் மனைவி நின்றாள். அவள் எனக்குச் சாதகமாகப் பொய் சொல்லுகிறவள் இல்லை என்று ஊரே சாட்சி சொல்லும்.

இப்போது அந்தப் படம் வீட்டுக்கு வீடு போனிலும் டிவியிலும் வரப்போகிறது என்கிறார்கள். அதற்குள் கடைசிப் பட்டியலைத் திருத்தலாம், பெரிய வேலை இல்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். அடுத்த படத்தில் போடுகிறோம் என்று டைரக்டர் சொன்னாராம். அடுத்த படத்தில் நான் எதுவும் செய்யப்போவதில்லை, அதில் எதற்கு என் பெயர்? எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கிணற்றில் பெயர் கேட்கவில்லை. சுவரில் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அடுத்தவர் லேபிளுக்குக் குச்சி செய்தேன், அதிலும் கேட்கவில்லை. இதில் கேட்கிறேன். 'கோவில்பட்டி மக்கள்' என்பதற்குள் என்னைத் திணிக்க வேண்டாம். ஜனங்கள் எழுந்து போவதற்கு முன்னால், இளநீர் வெட்டியவருக்கு மேலே, தனி வரியாக 'தோட்டாக் கூட்டில் தீக்குச்சி வைக்கும் யோசனை' என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை இனிஷியலோடு போட வேண்டும். அதற்குக் கீழே 'தீப்பெட்டி ஆபீஸ், கோவில்பட்டி' என்று இருக்க வேண்டும். பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் இருந்தால், பாலைவனம் அன்று என்று எழுதிய அந்த ஒப்பந்தத்தின் அடியில் பார்த்துக்கொள்ளட்டும். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன்.